கேசட்ல இருக்கற கூத்த ஸ்டீரியோ ஆம்ப் வழியா கம்ப்யூட்டர்ல ஏத்தணும், எந்த பின்ல இருந்து எடுக்கறது?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தாவுக்கு கூத்துன்னா உசுரு, திரௌபதி அம்மன் கோயில் பாரதம் எங்க நடந்தாலும் டேப்ரெக்கார்டர தூக்கிட்டு போயி ராத்திரி பூரா ஒக்காந்து புடிச்சிட்டு வருவாரு. அந்த கேசட்டுங்க ஒரு டிரங்கு பொட்டி நெறய கெடக்குது, முக்காவாசி 90 நிமிஷ கேசட்டு. லேபிள்ல ஊரு பேர எழுதி தர்மபுரி மாவட்டம்னு போட்டிருக்காரு, அப்ப கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆன 2004க்கு முந்தி புடிச்சதா தான் இருக்கணும். அதுல பாடுன வாத்தியாருங்க பாதி பேரு இப்ப இல்ல.

வீட்ல மாமா வச்சிட்டு போன ஸ்டீரியோ ஆம்ப் ஒண்ணு, தனியா கேசட் டெக் ஒண்ணு, ரெண்டும் ஓடுது. ஆம்ப் பின்னாடி போனோ, ட்யூனர், ஆக்ஸ், டேப் ப்ளே, டேப் ரெக்னு ஜோடி ஜோடியா சிவப்பு வெள்ளை பின்னு இருக்கு. லேப்டாப்புக்கு எதுல இருந்து ஒயர் இழுக்கணும்? இங்க ஒரு கடைக்காரர் ஸ்பீக்கர் ஒயரயே வெட்டி 3.5 ஜாக் போட்டு சொருகிடுன்றாரு. செய்யலாமா?

சவுண்ட்சர்வீஸ்_பென்னாகரம்:
தம்பி கையெடுத்து கும்புடறேன் அத மட்டும் செஞ்சிடாத. ஸ்பீக்கர் பின்ல வர்றது கோன தள்ளறதுக்கான பவரு. 50 வாட் ஆம்ப் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முழுசா குடுக்கறப்ப 20 வோல்ட் வரும், கம்ப்யூட்டரோட லைன் இன்புட்டு கேக்கறது ஒரு வோல்ட்டுக்கும் கீழ. வால்யூம கம்மியா வச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, வீட்ல ஒரு குட்டி பையன் வந்து நாப்ப திருப்புனா கத முடிஞ்சுது. இன்னொரு சங்கதி, நெறய செட்டுங்க பிரிட்ஜ் டைப்பு, அதுல கருப்பு பின்னு எர்த் கெடையாது, அதுலயும் சவுண்டு ஓடும். அத கொண்டு போயி லேப்டாப் ஜாக்கோட கிரவுண்டுல சேத்தீங்கன்னா ஆம்ப் ஐசி போவும், இல்ல லேப்டாப் போர்டு போவும், யோகம் இருந்தா ரெண்டும் போவும். எங்க மைக்செட் ஆம்ப்ல ஹாரனுக்கு போற 100 வோல்ட் லைன் வேற இருக்கு, அதுல இருந்து எடுக்கலாமான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டாரு, நான் டீ குடிக்க போயிட்டேன்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
எனக்கு ஒரு டவுட்டு. கேசட் டெக்குக்கு பின்னாடியே லைன் அவுட் இருக்கும்ல, அத நேரா கம்ப்யூட்டருக்கு குடுத்துட்டா ஆம்ப் எதுக்கு நடுவுல? சவுண்டு எத்தன எடத்துல பூந்து வந்தாலும் அவ்ளோ இரைச்சல் சேரும் தானே.

அப்புறம் அண்ணா, உங்க லேப்டாப்ல ஒரே ஒரு ஜாக் தான் இருக்குன்னா அது ஹெட்செட்டுக்கு. அதுல உள்ள போறது மைக் மட்டும் தான், அதுவும் மோனோ, சில மில்லிவோல்ட்டுக்கு செஞ்சது, மைக்குக்கு வேணும்னு அதுலயே கொஞ்சம் டிசி வோல்ட்டேஜும் விட்டிருப்பான். லைன் சவுண்ட அதுல தள்ளுனா கிழிஞ்ச துணி மாதிரி தான் வரும். யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு வாங்கிடுங்க, ஆனா ஒரு மைக் ஓட்டை ஒரு ஹெட்போன் ஓட்டை வச்சு வர்ற குட்டி கார்டு வேணாம், அதுவும் மோனோ மைக் தான். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ இன்புட் இருக்கற மாதிரி பாருங்க, பெஹ்ரிங்கர் யூசிஏ202 மாதிரி. 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் தான் போகும், கேசட்டுக்கு அது தாராளம்.

ரிப்பேர்கடை_தர்மபுரி:
ஓசூர் தம்பி சொல்றது சரி தான், ஒரே ஒரு கேசட் டெக், ஒரே ஒரு வேலைன்னா ஆம்ப்ப விட்டுட்டு டெக்ல இருந்து நேரா எடுத்துடலாம். நான் ஆம்ப் வழியா எடுங்கன்னு சொல்றதுக்கு காரணம் வேற. ஆம்ப் வழியா போனா ரெக்கார்ட் ஆவறத ஸ்பீக்கர்ல கேட்டுகிட்டே இருக்கலாம். கூத்து கேசட்ட கேக்காம ஏத்தக்கூடாது, நடுவுல டேப்பு சுருட்டுச்சுன்னா காதுக்கு தான் மொதல்ல தெரியும்.

டேப் ரெக்னு போட்டிருக்கு பாருங்க, அதான் உங்களுக்கு வேணும். சில செட்ல ரெக் அவுட், டேப் அவுட்னு போட்டிருப்பான், எல்லாம் ஒண்ணு தான். செலக்டர் ஸ்விட்ச்ச தாண்டி வர்ற சவுண்ட வால்யூம் கண்ட்ரோலுக்கு போறதுக்கு முன்னாடியே பிரிச்சு அந்த பின்னுக்கு விட்டிருப்பாங்க. அதனால வால்யூம சுழியத்துல வச்சாலும் ரெக்கார்டிங் முழுசா வரும், பேஸ் டிரபிள் எத திருகுனாலும் அதுல ஏறாது. நெறய பேரு இது தெரியாம டிரபிள கூட்டி வச்சு நல்லா ஏறும்னு நெனச்சிட்டு இருப்பாங்க, ஏறவே ஏறாது, அது ஸ்பீக்கருக்கு மட்டும் தான்.

இப்ப ஒயருக்கு வாங்க. உங்க கேசட் டெக் ஓட்றது மட்டும் தான் செய்யப்போவுது, அதனால டெக்கோட லைன் அவுட்ட ஆம்ப்ல ஆக்ஸ்ல குடுங்க. ஆம்ப்போட டேப் ரெக்ல இருந்து யுஎஸ்பி கார்டோட இன்புட்டுக்கு. கார்டோட அவுட்புட்ட ஆம்ப்போட டேப் ப்ளேக்கு. அதாவது பழைய காலத்துல டேப்ரெக்கார்டர் ஒக்காந்த எடத்துல இப்ப கம்ப்யூட்டர் ஒக்காருது. செலக்டர் ஆக்ஸ்ல. டேப் மானிட்டர்னு பட்டன் இருக்கும், அத அமுக்குனா கம்ப்யூட்டர்ல இருந்து திரும்பி வர்றது கேக்கும், விட்டா கேசட் நேரா கேக்கும். ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டுப்பாருங்க, வித்தியாசம் தெரியலன்னா எல்லாம் சரியா இருக்கு.

பாலக்கோடு_பட்டறை:
ஐயா இங்க தான் என் சந்தேகம். என்னோடதுல கம்ப்யூட்டர் அவுட்ட ஆக்ஸ்ல குடுத்திருக்கேன், இன்புட்ட டேப் ரெக்ல. ஆடாசிட்டின்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் அமுக்கிட்டு செலக்டர ஆக்ஸுக்கு திருப்புனா கீய்ய்ய்னு கத்துது, நாயெல்லாம் எந்திரிச்சு ஓடுது. ஆம்ப் கெட்டுப்போச்சா?

ரிப்பேர்கடை_தர்மபுரி:
ஆம்ப் நல்லா இருக்கு. கம்ப்யூட்டர்ல இருந்து வர்றது ஆக்ஸ்ல நுழையுது, செலக்டர் ஆக்ஸ்ல இருக்கறதால அதே சவுண்டு ரெக் அவுட்ல வெளிய வந்து மறுபடி கம்ப்யூட்டருக்கே போவுது, அது திரும்ப ஆக்ஸுக்கு. மைக்க ஸ்பீக்கர் முன்னாடி புடிச்சா கத்துமே, அதே தான் ஒயருக்குள்ள நடக்குது. அதுக்கு தான் டேப் ப்ளேன்னு தனியா வச்சிருக்கான். அந்த பின்ல வர்றது மானிட்டர் ஸ்விட்சுக்கு மட்டும் போவும், ரெக் அவுட்டுக்கு திரும்பி போவாது. ஒயர அங்க மாத்து. அது வரைக்கும் ஆடாசிட்டில உள்ள வர்ற சவுண்ட அப்பவே வெளிய விடற ப்ளேத்ரூன்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணி வை.

அப்புறம் ஒண்ணு சொல்லிடறேன், யாரும் இத எழுத மாட்டேங்கறாங்க. சவுண்டு கார்டு ஒயர் ரெக் அவுட்லயே சொருகி கெடக்கும், லேப்டாப்ப மூடி எடுத்துட்டு போயிருப்பீங்க, கார்டுக்கு பவர் இருக்காது. அப்ப ஆம்ப்ல சும்மா பாட்டு போட்டா கரகரன்னு அடிக்கும். பவர் இல்லாத இன்புட்டு சிக்னல புடிச்சு கீழ இழுக்கும், ரெக் அவுட்டும் ஸ்பீக்கருக்கு போற லைனும் நெறய ஆம்ப்ல ஒரே ஒயரு. செட்டு போச்சுன்னு என்கிட்ட தூக்கிட்டு வருவாங்க, பின்ன புடுங்கிட்டு பாடவிட்டு காட்டுவேன், காசு வாங்க மாட்டேன்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
ஐயா ரொம்ப நன்றிங்க. கார்டு ஆர்டர் போட்டு வந்துடுச்சு, நீங்க சொன்ன மாதிரியே குடுத்தேன், சவுண்டு வருது. ஆனா பின்னாடி ம்ம்ம்னு ஒரு ஹம் இருக்கு. கேசட்ட நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்குது. கார்டு ஒயர புடுங்குனா ஸ்பீக்கர்ல நின்னுடுது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டி பாருங்கண்ணா.

மைக்ரோபோன்_மாரண்டஹள்ளி:
இதுக்கெல்லாம் எதுக்கு தல யோசிக்கறீங்க, சார்ஜர் பிளக்குல பெரிய பின்ன ஒடச்சு விட்டுடுங்க, ஹம் போயிடும். நாங்க எல்லாம் அப்படி தான்.

சவுண்ட்சர்வீஸ்_பென்னாகரம்:
மாரண்டஹள்ளிக்காரரே, இப்படி எழுதாதீங்க, யாராவது படிச்சிட்டு செய்வாங்க. பெரிய பின்னு உசுர காப்பாத்தறதுக்கு. மழ காலத்துல ஈர தரைல நின்னுகிட்டு ஆம்ப் சேஸிஸ தொட்டு பாருங்க அப்ப தெரியும். ஹம் போனா என்ன போவாட்டி என்ன, ஆளு இருக்கணும்ல.

ஹம்முக்கு காரணம் ரெண்டு எடத்துல எர்த் ஆவறது. ஆம்ப் ஒரு பிளக்குல, லேப்டாப் சார்ஜர் இன்னொரு ரூம்ல வேற பிளக்குல, நடுவுல ஆடியோ ஒயரோட ஷீல்டு ரெண்டையும் சேக்குது, வளையம் ஆயிடுச்சு, அதுல 50 ஹெர்ட்ஸ் சுத்துது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடுங்க. கேபிள் டிவி ஒயர் ஆம்ப்போட சம்பந்தப்பட்டிருந்தா அதயும் கழட்டுங்க, அது வழியாவும் ஒரு எர்த் உள்ள வரும். அப்பவும் நிக்கலன்னா கார் ஆடியோ கடைல கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு ஒரு சின்ன டப்பா விக்கறான், உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ரொம்ப மட்டமானது வாங்குனா பேஸ் அடிவாங்கும், கூத்துக்கு மத்தளம் அடி வேணும், அதனால அத கடைசியா வச்சுக்கங்க.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
பேட்டரில ஓட்டுனதும் நின்னுடுச்சு, சுத்தமா. ஆனா அப்பப்ப டப் டப்னு ஒரு சத்தம் ஏறுது.

ஊத்தங்கரை_டீச்சர்:
தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரா இருக்கும் தம்பி, இல்லன்னா ஃப்ரிட்ஜ். எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகறப்ப ஒவ்வொரு தடவையும் ரெக்கார்டிங்ல ஒரு குத்து விழும். கொஞ்ச நேரம் அத நிறுத்திட்டு ஒரு பக்கம் முழுசா எடுத்துடு. மோட்டார் உங்களுதுன்னா கேட்டு வாங்கலாம், பக்கத்து வீட்டு மாமாவுதுன்னா ராத்திரி தான் வழி.

நானும் இத படிச்சிட்டு தான் ஒண்ணு கேக்க வந்தேன். எங்க அப்பா வச்சிருந்த எல்பி ரெக்கார்டு கொஞ்சம் இருக்கு, ரெக்கார்டு ப்ளேயரோட ஒயர நேரா யுஎஸ்பி கார்டுல குடுத்தா எறும்பு பாடற மாதிரி கேக்குது, பேஸே இல்ல.

ரிப்பேர்கடை_தர்மபுரி:
டீச்சரம்மா உங்களுக்கு தான் ஆம்ப் கட்டாயம் வேணும். ரெக்கார்டு ப்ளேயர் ஊசில இருந்து வர்றது 3ல இருந்து 5 மில்லிவோல்ட்டு தான். அது மட்டும் இல்ல, எல்பி வெட்டறப்பவே பேஸ கொறச்சு டிரபிள ஏத்தி தான் வெட்டுவாங்க, இல்லன்னா பேஸுக்கு கோடு அகலமா ஆடும், ஒரு பக்கத்துல பாதி பாட்டு கூட புடிக்காது. அத திருப்பி சரி பண்ற சர்க்யூட்டு போனோ இன்புட்ல தான் இருக்கு. 1954ல வந்த ஆர்ஐஏஏன்ற கணக்கு, அப்புறம் அதுவே பொதுவா ஆயிடுச்சு. அதனால ப்ளேயர் ஒயரு போனோவுக்கு, கூட தொங்கற மெல்லிசான கிரவுண்ட் ஒயர ஆம்ப் பின்னாடி இருக்கற ஸ்க்ரூல முடுக்குங்க, டேப் ரெக்ல இருந்து கார்டுக்கு. செலக்டர் போனோ. அவ்ளோதான். ப்ளேயருக்குள்ளயே ஆம்ப் வச்சு வர்ற புது மாடலா இருந்தா மட்டும் ஆக்ஸ்ல போடணும்.

பாலக்கோடு_பட்டறை:
ரெக் அவுட்டே இல்லாத செட்டுக்கு என்ன வழி ஐயா? என் மச்சான்கிட்ட இருக்கறது அசெம்பிள் செட்டு, 4440 ஐசி போட்டது, உள்ள ஆக்ஸ் தவிர ஒண்ணும் இல்ல.

ரிப்பேர்கடை_தர்மபுரி:
பத்த வைக்க தெரிஞ்சா செய்யலாம். வால்யூம் கண்ட்ரோல்ல ஒரு பக்கத்துக்கு மூணு கால் இருக்கும். ஒண்ணு கிரவுண்டு, நடு காலு ஆம்ப்புக்கு போறது, மூணாவது தான் சவுண்டு உள்ள வர்ற காலு. அந்த மூணாவது கால்ல இருந்து 1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், அதோட சீரிஸா ஒரு 1 கே ரெசிஸ்டர் போட்டு, ஷீல்டு ஒயர்ல வெளிய ஒரு ஆர்சிஏ பின்னுக்கு கொண்டு வந்துடு. லெஃப்ட் ரைட் ரெண்டுக்கும் தனி தனியா. ரெக் அவுட் ரெடி. எந்த காலு எதுன்னு மீட்டர் வச்சு பாக்க தெரியாதவங்க கைய வைக்க வேணாம். அதுல டேப்போ ரேடியோவோ உள்ளயே இல்லன்னா இவ்ளோ கஷ்டமே வேணாம், ஆக்ஸுக்கு என்ன குடுக்கறயோ அத ஒய் கேபிள்ல பிரிச்சாலே போதும்.

புதுசா வர்ற ஹோம் தியேட்டர் ரிசீவருங்க தான் மோசம். காசு மட்டும் ஏகத்துக்கு வாங்கறான், பாதி மாடல்ல ரெக் அவுட்டே எடுத்துட்டான். ரெக் அவுட் இருந்தாலும் ஹெச்டிஎம்ஐல வர்றது அதுல வராது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
பார்ட்ஸ் கெடைக்கலன்னா சொல்லுங்க, நான் வாராவாரம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற பெங்களூரு எஸ்பி ரோடு போறவன் தான்.

மாந்தோப்பு அண்ணா, லெவல் விஷயம் சொல்லிடறேன். ஆடாசிட்டில 44100 அல்லது 48000, ஸ்டீரியோ. கேசட்ல ரொம்ப சத்தமான எடத்த மொதல்ல ஓட்டி பாருங்க, கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் கத்திகிட்டு வருவான்ல அந்த மாதிரி எடம். மீட்டர் அங்க மைனஸ் 6 டிபிய தாண்டாம பாத்துக்கங்க. 0ல முட்டுனா அந்த எடம் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டது தான், திருப்பி வராது. ரெக் அவுட் ஃபிக்ஸட் லெவல்ன்றதால ஆம்ப்ல மாத்த முடியாது, டெக்ல அவுட்புட் நாப் இருந்தா அதுல மாத்துங்க. சேவ் பண்றது வேவ், இல்லன்னா சவுண்டு கெடாம சுருக்கற ஃப்ளாக். சிடி குவாலிட்டி வேவ் நிமிஷத்துக்கு 10 எம்பி, ஒரு 90 நிமிஷ கேசட்டு 950 எம்பி கிட்ட வரும், ஃப்ளாக் போட்டா பாதி. எம்பி3 வாட்ஸப்புல அனுப்ப மட்டும். இரைச்சல் எடுக்கற ஃபில்டர் எல்லாம் காப்பில போடுங்க, ஒரிஜினல்ல போடாதீங்க, ஜாஸ்தியா போட்டா ஆளுங்க தண்ணிக்குள்ள நின்னு பாடற மாதிரி ஆயிடும்.

மைக்ரோபோன்_மாரண்டஹள்ளி:
பெரிய பின்னு மேட்டர் விடுங்க, ஒத்துக்கறேன். கூத்து கேசட்டுன்றதால ஒண்ணு சொல்றேன், நான் செட்டுக்கு மத்தளம் வாசிக்கறவன். கேசட்ட போட்ட உடனே ரெக்கார்ட் அமுக்காதீங்க. தாளம், அதான் ஜால்ரா, எப்படி கேக்குதுன்னு பாருங்க. தாளம் சிங்கு சிங்குன்னு வெட்டி கேக்கணும், முகவீணை காத கிழிக்கணும். ரெண்டும் போர்வைக்குள்ள இருக்கற மாதிரி மந்தமா இருந்தா டேப்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. புடிச்ச டேப்ரெக்கார்டர்ல டேப்ப உரசற ஹெட்டும் உங்க டெக்கோட ஹெட்டும் ஒரே நேர்ல இல்ல.

ரிப்பேர்கடை_தர்மபுரி:
அருமை தம்பி, இத தான் நான் சொல்ல வந்தேன். அசிமத்னு சொல்லுவோம். ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், ஒரு பக்கம் மட்டும் அடில ஸ்பிரிங் வச்ச ஸ்க்ரூ, அதான் அசிமத் ஸ்க்ரூ. மொதல்ல ஹெட்டயும் ரப்பர் ரோலரயும் பஞ்சுல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு தொடச்சிடுங்க, பஞ்சுல செம்மண்ணு கலர்ல வரும், வராத வரைக்கும் தொடைங்க. ஸ்க்ரூ இப்ப இருக்கற எடத்துல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி. ஆம்ப்ல மோனோ பட்டன் அமுக்கிட்டு கேசட்ட ஓடவிட்டு சின்ன ஸ்க்ரூ டிரைவர்ல துளி துளியா திருப்புங்க, கால் சுத்துக்கு மேல போவ வேண்டி வராது. ஒரு எடத்துல தாளம் பளிச்சுனு எந்திரிக்கும். தாண்டுனா மறுபடி மந்தம் ஆவும். மோனோல கேட்டா தான் அந்த எடம் கூர்மையா தெரியும். கேசட்டுக்கு கேசட்டு, சிலதுல பக்கத்துக்கு பக்கம் மாறும். எல்லாம் முடிச்சிட்டு ஸ்க்ரூவ புள்ளிக்கு கொண்டு வந்துடுங்க.

டால்பின்னு இரைச்சல் கொறைக்கற பட்டன் இருந்தா ஆஃப்ல இருக்கட்டும். தாத்தா புடிச்சது கைல தூக்கற மோனோ டேப்ல தான இருக்கும், அதுல டால்பி ஏது. மோனோவா புடிச்சிருந்தாலும் நீங்க ஸ்டீரியோவா ஏத்துங்க. லெஃப்ட்டும் ரைட்டும் ஒரே பாட்டு தான், இரைச்சல் மட்டும் ரெண்டுலயும் வேற வேற. அசிமத் சரியா இருந்து பின்னால ரெண்டையும் சேத்தா பாட்டுக்கு இரைச்சல் 3 டிபி கம்மியாவும். டேப்போட ஓரம் கசங்கி இருந்தா ஒரு சேனல் அடிவாங்கி இருக்கும், அப்ப நல்ல சேனல மட்டும் எடுத்துக்கலாம்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
தாளம் எந்திரிச்சுதுங்க ஐயா! சொன்ன மாதிரியே. தாத்தா பக்கத்துல ஒக்காந்து இருமறது கூட கேக்குது. ஆனா ஒரு கேசட்டு ஆரம்பத்துல சரியா இருக்கு, போவ போவ குரல் கீச்சாயிட்டே போவுது, கடைசில தர்மர் கொழந்த மாதிரி பேசறாரு.

மைக்ரோபோன்_மாரண்டஹள்ளி:
ஹாஹா, விடியக்காலைல டேப்ரெக்கார்டர் பேட்டரி எறங்கிடுச்சு. மோட்டார் மெதுவா சுத்தறப்ப புடிச்சத இப்ப சரியான வேகத்துல ஓட்டுனா அப்படி தான். ஆர்மோனியத்த வச்சு சரி பண்ணுங்க. ஒரு ராத்திரிக்குள்ள ஆர்மோனிய சுதி மாறாது, ரீடு ரீடு தான். ஆரம்பத்துல அஞ்சு கட்டைல இருந்து கடைசில ஆறு கட்டை ஆயிருந்தா அந்த அளவுக்கு வேகம் கூடியிருக்கு.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
அது சுமாரா 12 சதவீதம். அஞ்சு கட்டைல இருந்து ஆறு ரெண்டு அரை சுரம், ஒரு அரை சுரத்துக்கு 6 சதவீதம் கிட்ட வரும். ஆடாசிட்டில ஸ்லைடிங் ஸ்ட்ரெச் இருக்கு, ஆரம்பத்துல சுழியம், கடைசில வேகம் பிட்ச் ரெண்டையும் கொறச்சு குடுத்தா நடுவுல தானா சரிஞ்சு வரும். கரண்ட்ல புடிச்ச கேசட்டா இருந்தா டேப்லயே 50 ஹெர்ட்ஸ் ஹம் இருக்கும், அது 52ல தெரிஞ்சா 4 சதவீதம் வேகம்னு நேரா சொல்லிடலாம்.

சவுண்ட்சர்வீஸ்_பென்னாகரம்:
அத நம்பாதீங்க தம்பி, அந்த காலத்துல பாரதத்துக்கு ஜெனரேட்டர் போட்டு தான் லைட்டு மைக்கு எல்லாம். ஜெனரேட்டர் எப்ப 50ல நின்னுச்சு, டீசல் எறங்குனா அதுவும் எறங்கும். ஆர்மோனியமே மேல்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
கடைசியா ஒண்ணுங்க. ரெண்டு மூணு கேசட்டுல டேப்ப ஹெட்டோட அமுக்கி வைக்கற அந்த சின்ன ஸ்பாஞ்சு உதுந்துடுச்சு, ஒண்ணுல டேப்பு அறுந்து உள்ள போயிடுச்சு, இன்னொண்ணு மேல வெள்ளையா பூசணம்.

ரிப்பேர்கடை_தர்மபுரி:
ஸ்பாஞ்சு போனதுக்கும் அறுந்ததுக்கும் ஒரே வைத்தியம். அஞ்சு ஸ்க்ரூ போட்ட ஏதாவது உருப்படாத பாட்டு கேசட்ட வாங்கி பிரிச்சு, அந்த கூட்டுக்குள்ள உங்க ரெண்டு சக்கரத்தயும் மாத்தி வச்சிடுங்க. உங்களுது ஒட்டுன கூடா இருந்தா ஓரத்துல பிளேடு விட்டு பிளக்கணும், பதட்டப்படாம. அறுந்த முனைய ஒட்ட செல்லோடேப் போடாதீங்க, பசை கசிஞ்சு அடுத்த சுத்துல ஒட்டிக்கும், ஹெட்லயும் ஏறும், ஸ்ப்ளைசிங் டேப்புன்னே தனியா கெடைக்குது, பளபளப்பு இல்லாத பின்பக்கத்துல ஒட்டணும்னு எல்லாரும் சொல்வாங்க, கேசட்டுக்கு அது தப்பா போயிடும், சிலதுல ரெண்டு பக்கமும் பளபளப்பு தான். ஹெட்ட தொடாத பக்கம், அதாவது கூட்டுக்கு உள் பக்கமா பாக்கற பக்கம், அங்க ஒட்டுங்க. பூசணம் புடிச்சத மத்ததோட டெக்ல போடாதீங்க, பரவும். அத தனியா ஒரு பாலித்தீன் கவர்ல கட்டி தர்மபுரி வர்றப்ப எடுத்துட்டு வாங்க, என்கிட்ட அதுக்குன்னே ஒரு ஒதவாக்கர டெக் இருக்கு.